கார் பார்க்கிங்கில் தண்ணீர் ஏறுகிறதா? சிம் கார்டு இல்லாமல் சொல்லும் இரண்டு சின்ன போர்டுகள்

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல் மழை. அந்த இரவைப் பற்றிப் பெருங்குடி, பள்ளிக்கரணை, வேளச்சேரி பக்கம் யாரைக் கேட்டாலும் இரண்டு விஷயம் சொல்வார்கள். ஒன்று தண்ணீர், இன்னொன்று போன். கரண்ட் போனது, கொஞ்ச நேரத்தில் டவரும் போனது. கையில் போன் இருந்தும் யாரிடமும் பேச முடியாத இரவு அது.

எங்கள் அடுக்ககத்தில் தரைத்தளம் முழுக்க வண்டி நிறுத்துமிடம். அதன் பின்பக்கம் ஒரே ஒரு வீடு, அதில் ஒரு பாட்டி. மேலே இருந்த நாங்கள் முறை வைத்து டார்ச் அடித்துக்கொண்டு படியிறங்கிப் போய், எத்தனை படி மூழ்கியிருக்கிறது என்று எண்ணிவிட்டு வந்தோம். இரண்டு மணிக்கு இரண்டு படி. மூன்று மணிக்கு நாங்கள் எல்லோருமே கண் அயர்ந்துவிட்டோம். நான்கரைக்குப் பாட்டி கதவைத் தட்டும் சத்தம் கேட்டுத்தான் ஓடினோம். கட்டில் கால் வரை தண்ணீர். அவரைத் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டோம், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் "அந்த ஒன்றரை மணி நேரம் நம்மை எழுப்ப ஒரு சின்ன மணிகூட இல்லையே" என்ற எண்ணம் போகவே இல்லை.

இந்தப் பாடம் அந்த மணியைச் செய்வதைப் பற்றியது. தண்ணீர் மட்டத்தை அளக்கும் ஒரு சின்ன போர்டு கீழே. அதன் செய்தியைக் கேட்டு மணி அடிக்கும் இன்னொரு சின்ன போர்டு மேலே. இரண்டுக்கும் நடுவில் சிம் இல்லை, வைஃபை ரவுட்டர் இல்லை, இணையம் இல்லை. வெறும் ரேடியோ அலை. கல்லூரி மாணவர்களும், பள்ளியில் ஆர்டுயினோ தொட்டுப் பார்த்த பிள்ளைகளும், ஏன், சாலிடரிங் பிடித்த யாரும் ஒரு வார இறுதியில் செய்துவிடலாம். ஆனால் சரியாகச் செய்வதற்குச் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். தப்பாகச் செய்தால் இது மணியே இல்லாததைவிட ஆபத்து. அது ஏன் என்று கீழே சொல்கிறேன்.

இதில் பெருங்குடிக்கென்று ஒரு காரணமும் உண்டு. தென்சென்னையின் பல ஏரிகளிலிருந்து வழியும் நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில்தான் கடலைச் சேர வேண்டும். அதனால் நம்ம பக்கம் மழை நின்று வானம் வெளுத்த பிறகும் மட்டம் ஏறலாம். "மழை விட்டுடுச்சு, தூங்கலாம்" என்பது இங்கே செல்லாது.

முதலில் சட்டம், பிறகுதான் சாலிடரிங்

போர்டு என்று சொன்னது மைக்ரோகண்ட்ரோலரை. பாடப்புத்தகத்தில் நுண்கட்டுப்படுத்தி. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் குட்டிக் கணினி. ஆர்டுயினோ, ஈஎஸ்பி32 என்ற பெயர்களில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதோடு இணைக்கும் ரேடியோ மாட்யூலும் அங்கேயே கிடைக்கும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதையெல்லாம் நம் ஊரில் இயக்கிவிட முடியாது.

ரேடியோ அலைவரிசை என்பது பொதுச் சொத்து. காவல்துறை, விமானம், கப்பல், மொபைல் நிறுவனங்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருக்கிறது. உரிமம் இல்லாமல் பொதுமக்கள் பயன்படுத்தச் சில துண்டுகளை மத்திய அரசு திறந்துவிட்டிருக்கிறது. நமக்குத் தேவையானவை மூன்று.

முதலாவது 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை. வைஃபையும் புளூடூத்தும் ஓடும் அதே இடம். இரண்டாவது 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ். 2005இல் 867 வரை திறந்தார்கள், 2021இல் 868 வரை நீட்டித்தார்கள். இதில் 1 வாட் வரை அனுப்பும் ஆற்றல் அனுமதி, ஒரு அலையின் அகலம் 200 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும். மூன்றாவது 433 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஒரு துண்டு. அங்கே அனுமதி வெறும் 10 மில்லிவாட்.

இப்போது கடைக்கு வாருங்கள். 'லோரா' மாட்யூல் கேட்டால் பெரும்பாலும் கையில் வைப்பது 433 மெகாஹெர்ட்ஸ் வகை. அதன் முழு ஆற்றல் 100 மில்லிவாட் அளவு, அதாவது அனுமதித்ததைப் போல் பத்து மடங்கு. ஆன்லைனில் வாங்கினால் 915 மெகாஹெர்ட்ஸ் வகை வரலாம். அமெரிக்காவில் 902 முதல் 928 வரை திறந்த அலைவரிசை, அதனால் அங்கே சரி. இங்கே 890 முதல் 915 வரை நம் மொபைல் போன்கள் டவரோடு பேசும் இடம்! வெள்ளத்தில் உதவ நினைத்துச் செய்த கருவி, பக்கத்து வீட்டுக்காரர் 112க்கு அழைப்பதைக் குழப்பினால் எப்படி இருக்கும்? ஆகவே 865–868க்குள் இயங்குவதா, உபகரண வகை ஒப்புதல் பெற்றதா என்று கேட்டு வாங்குங்கள். 868 என்று அச்சிட்ட மாட்யூலை நிரலில் 866க்கு மாற்றிக்கொள்ளலாம். 433 வகையை 866க்கு மாற்ற முடியாது, அதன் உள் சுற்றே வேறு.

இன்னொரு கண்ணி. என்ஆர்எஃப்24 என்று ஒரு மலிவான 2.4 கிகாஹெர்ட்ஸ் மாட்யூல் இருக்கிறது. அதில் 0 முதல் 125 வரை சேனல் எண் கொடுக்கலாம். 2400 உடன் அந்த எண்ணைக் கூட்டினால் அதுதான் மெகாஹெர்ட்ஸ். "வைஃபை தொந்தரவு இல்லாமல் இருக்க 100க்கு மேல் வையுங்கள்" என்று வெளிநாட்டுக் காணொளிகள் அடிக்கடி சொல்லும். சேனல் 100 என்றால் 2500 மெகாஹெர்ட்ஸ். நம் திறந்த எல்லை 2483.5இல் முடிந்துவிட்டது. 80ஐத் தாண்டாதீர்கள். 76 நல்ல இடம், வைஃபையின் 11ஆம் சேனல் முடிந்ததும் வரும் இடைவெளி அது.

இதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று தோன்றலாம். அலைவரிசைகளைக் கேட்டுக்கொண்டிருப்பதையே வேலையாகக் கொண்ட மத்திய அரசின் வயர்லெஸ் கண்காணிப்பு நிலையம் ஒன்று நம்ம பெருங்குடியிலேயேதான் இருக்கிறது. ஹாம் ரேடியோ தேர்வுக்குப் போன சென்னைக்காரர்களுக்குப் பழக்கமான முகவரி. எங்கிருந்து தொந்தரவு வருகிறது என்று திசையறிந்து கண்டுபிடிப்பது அத்தகைய நிலையங்களின் பணி. பயமுறுத்தச் சொல்லவில்லை. நம் தெருவிலேயே ஒருவர் காது கொடுத்துக்கொண்டிருக்கும்போது ஒழுங்காகப் பேசுவோமே.

மேசைமேல் வேலை செய்தது, மாடியில் செய்யவில்லை

இரண்டு போர்டையும் மேசையில் வைத்து "வணக்கம்" அனுப்பிப் பாருங்கள். வராது. முதல் தடவை யாருக்கும் வராது! பத்தில் ஒன்பது முறை காரணம் மின்சாரம். என்ஆர்எஃப்24க்கு 3.3 வோல்ட் மட்டுமே கொடுக்க வேண்டும், 5 வோல்ட் கொடுத்தால் கதை முடிந்தது. ஆர்டுயினோ ஊனோவின் 3.3 வோல்ட் முனை 50 மில்லிஆம்பியர்தான் தரும். நீள ஆன்டெனா வைத்த பெரிய வகை மாட்யூல் அனுப்பும் கணத்தில் 100க்கு மேல் கேட்கும். அந்தக் கணத்தில் வோல்ட் சரிந்து மாட்யூல் மயங்கிவிடும். மின் முனைகளுக்குக் குறுக்கே 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைச் சாலிடர் செய்தாலே பாதி நோய் போய்விடும்.

லோரா மாட்யூலுக்கு வேறு இரண்டு எச்சரிக்கை. அதன் தகவல் முனைகளும் 3.3 வோல்ட்தான் தாங்கும். ஆகவே ஊனோவை நேரடியாக இணைக்காமல், 3.3 வோல்ட்டில் ஓடும் ஈஎஸ்பி32 அல்லது புரோ மினி வகை போர்டு எடுங்கள். ஆன்டெனா மாட்டாமல் அனுப்பவே அனுப்பாதீர்கள், வெளியேற வழியில்லாத ஆற்றல் திரும்பி வந்து மாட்யூலைக் கெடுத்துவிடலாம். ஆன்டெனா என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. 866 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 34.6 சென்டிமீட்டர். அதில் கால் பங்கு, சுமார் 8.6 சென்டிமீட்டர் செம்புக் கம்பியை நிமிர்த்தி வைத்தால் போதும்.

நாங்கள் முதலில் என்ஆர்எஃப்24தான் வைத்தோம். மேசையில் பிரமாதம். கீழே பார்க்கிங்கில் ஒன்று, இரண்டாவது மாடியில் ஒன்று வைத்ததும் பத்துச் செய்தியில் ஏழு காணாமல் போனது. நடுவில் கம்பி போட்ட கான்கிரீட் தளம் இரண்டு. அதிர்வெண் ஏற ஏறச் சுவரைத் தாண்டும் திறன் குறையும். 866க்கு, லோராவுக்கு மாறியபிறகு செய்தி தவறுவது அரிதாகிவிட்டது.

லோராவில் 'பரவல் காரணி' என்று ஓர் அமைப்பு இருக்கிறது, 7 முதல் 12 வரை. கூட்டினால் ஒவ்வொரு துளித் தகவலையும் இழுத்து, நிதானமாகச் சொல்லும். தூரத்திலும் புரியும், நேரம்தான் அதிகம் ஆகும். 7 பைட் செய்திக்கு, 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில், 7 வைத்தால் சுமார் 36 மில்லிவினாடி. 12 வைத்தால் கிட்டத்தட்ட ஒரு முழு வினாடி. ஒரு கட்டடத்துக்குள் 7 அல்லது 8 போதும். சும்மா 12 வைத்தால் பேட்டரியும் வீண், தெருவில் மற்றவர் பேசும் நேரமும் வீண்.

"தண்ணீர் வருது" என்று அனுப்பினால் என்ன வரும்?

ஆசைப்பட்டு நான் தமிழிலேயே "தண்ணீர் வருது" என்று அனுப்பினேன். மேலே வந்து சேர்ந்தது "தண்ணீர் வரு". அதற்குப் பின்னால் ஒரு கட்டம். "வரு... என்ன, வருமா வராதா?" என்று வீட்டில் ஒரே சிரிப்பு.

காரணம் எளிது. கணினியில் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் வழக்கமாக 3 பைட். புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகள். "தண்ணீர்" என்பதில் ஏழு குறி, 21 பைட். ஓர் இடைவெளி 1 பைட். "வருது" ஐந்து குறி, 15 பைட். மொத்தம் 37. என்ஆர்எஃப்24 ஒரு தடவையில் சுமக்கும் அளவு 32 பைட்தான். மிச்சம் வெட்டுப்பட்டது. லோராவில் 255 பைட் வரை போகும் என்றாலும், நீளமான செய்தி அதிக நேரம் காற்றில் இருக்கும், அடிபடும் வாய்ப்பும் கூடும்.

ஆகவே தமிழை மேலே இருக்கும் போர்டில் வையுங்கள். கீழிருந்து எண்கள் மட்டும் வரட்டும். எங்கள் செய்தி 7 பைட்: எந்தக் கருவி என்பதற்கு 1, வரிசை எண்ணுக்கு 2, நீர்மட்டம் எத்தனை சென்டிமீட்டர் என்பதற்கு 2, பேட்டரி அளவுக்கு 1, அடுத்த செய்தி எத்தனை நிமிடத்தில் வரும் என்பதற்கு 1. மேலே உள்ள போர்டு அதைப் படித்து "பார்க்கிங்கில் 35 செ.மீ. தண்ணீர்" என்று திரையில் காட்டிவிடும்.

வரிசை எண் எதற்கு? 47, 48, 51 என்று வந்தால் நடுவில் இரண்டு தவறிவிட்டது என்று தெரியும். 51க்குப் பிறகு திடீரென்று 1 வந்தால், கீழே உள்ள போர்டு நின்று மறுபடி கிளம்பியிருக்கிறது, பேட்டரி முனை ஆடுகிறதா பாருங்கள் என்று அர்த்தம். வெறும் நீர்மட்டத்தை மட்டும் அனுப்பினால் இது எதுவும் தெரியாது.

செய்தி சிதைந்து வந்தால் தூக்கிப்போடும் சரிபார்ப்பு வசதி இரண்டு மாட்யூலிலும் உண்டு. லோராவுக்கான சில லைப்ரரிகளில் அது அணைந்த நிலையில் வரும், இயக்கிவிடுங்கள். "கிடைத்தது" என்று பதில் அனுப்புவதை என்ஆர்எஃப்24 தானே செய்யும், பதில் வராவிட்டால் 15 முறை வரை திரும்ப அனுப்பும். லோராவில் அதை நாம்தான் எழுத வேண்டும்.

அளக்கும் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேற்கூரையில் நீர்புகாத அல்ட்ராசோனிக் சென்சாரை மாட்டி, கீழ்நோக்கிப் பார்க்க வையுங்கள். தரை 220 சென்டிமீட்டர் தூரத்தில் இருந்து, இப்போது 185 என்று காட்டினால் தண்ணீர் 35. ஐந்து முறை அளந்து நடு எண்ணை எடுங்கள், இல்லாவிட்டால் குறுக்கே போன பல்லியெல்லாம் வெள்ளமாகிவிடும். துணைக்கு, சம்ப்பில் மோட்டாருக்கு வைப்போமே, அந்த ஃப்ளோட் ஸ்விட்ச் ஒன்றை முழங்கால் உயரத்தில் வைப்பது நல்லது. முழுக்க பேட்டரியில் ஓடட்டும். தண்ணீர் வரும் இடத்துக்கு ஈ.பி. லைனிலிருந்து ஒரு வயர்கூட இழுக்காதீர்கள்.

டயல் டோன்

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம்.

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்து, வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அந்த வாரம் எங்கள் கருவி தயார். முதல் இரவு. திரையில் "12 செ.மீ." என்று காட்டியது. பத்து மணிக்கு 12. பன்னிரண்டு மணிக்கு 12. காலையில் எழுந்து பார்த்தாலும் 12. பரவாயில்லையே என்று கீழே போனால் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். பெட்டிக்குள் ஈரம் புகுந்து, கீழ் போர்டு இரவு ஒன்பதரைக்கே செத்துப்போயிருந்தது. மேலே இருந்தது கடைசியாகக் கேட்ட எண்ணையே விசுவாசமாகக் காட்டிக்கொண்டு இருந்தது. டார்ச் அடித்துப் படி எண்ணிய வருஷம்கூட இவ்வளவு நிம்மதியாக ஏமாந்து தூங்கவில்லை.

இரண்டாவது மாடி மாமா தொலைபேசி இணைப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, அந்தக் காலத்து போனைக் காதுல வச்சா 'ங்ங்'னு ஒரு சத்தம் கேட்கும், டயல் டோன். யாரும் பேசலைன்னாலும் லைன் உயிரோட இருக்குன்னு அர்த்தம். உன் டப்பா செத்துப்போனா எனக்கு எப்படித் தெரியும்?"

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வதென்றால் அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆபத்து வந்தால் மட்டும் பேசும் கருவியை நம்ப முடியாது. அது பேசாமல் இருப்பது தண்ணீர் இல்லாததாலா, அதற்கே உயிர் இல்லாததாலா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. எனவே ஒன்றும் இல்லை என்றாலும் குறித்த நேரத்துக்கு ஒரு தடவை "இருக்கிறேன்" என்று அது சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மேலே மணி அடிக்க வேண்டும்.

நாங்கள் நிரலை இப்படி மாற்றினோம். சாதாரண நாளில் பத்து நிமிடத்துக்கு ஒரு செய்தி. மட்டம் ஏறத் தொடங்கினால் நிமிடத்துக்கு ஒன்று. "அடுத்தது எப்போது" என்பதைச் செய்தியே சொல்லிவிடுவதால், எவ்வளவு நேரம் பொறுக்கலாம் என்று மேல் போர்டுக்குத் தெரியும். அதைப் போல் மூன்று மடங்கு நேரமும், இன்னும் ஐந்து நிமிடமும் தாண்டினால் மஞ்சள் விளக்கு, விட்டு விட்டு ஒரு சத்தம், திரையில் "தகவல் இல்லை, போய்ப் பாருங்கள்". திரையில் எண்ணைத் தனியாகக் காட்டுவதே கிடையாது. "12 செ.மீ., 4 நிமிடம் முன்பு" என்றுதான் வரும். அந்த 'முன்பு' இல்லாத எண்ணை இப்போதெல்லாம் எந்தத் திரையில் பார்த்தாலும் எனக்குச் சந்தேகம் வருகிறது.

பச்சை, சிவப்பு, மஞ்சள். பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் இப்படிப்பட்ட கருவிகளைப் பார்த்தால் பச்சையும் சிவப்பும் இருக்கும். மஞ்சளை மட்டும் தேட வேண்டியிருக்கும். "எனக்குத் தெரியவில்லை" என்று சொல்லும் விளக்கு அது.

சதுப்பு நிலத்துக்கு அந்தப் பக்கம்

இது ஏதோ வீட்டு விளையாட்டுக்கான யோசனை என்று நினைக்காதீர்கள். பெருங்குடியிலிருந்து பார்த்தால் சதுப்பு நிலத்தின் எதிர்ப்பக்கம், வேளச்சேரி–தாம்பரம் சாலையில், பள்ளிக்கரணையில் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. 1993இல் தொடங்கப்பட்டது. வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் மிதக்கும் தரவு மிதவைகளைப் பராமரிப்பவர்கள் அவர்கள். காற்று, அலை, வெப்பம் எல்லாவற்றையும் அளந்து, அந்த மிதவைகள் செயற்கைக்கோள் வழியாகச் சின்னச் சின்னச் செய்திகளாக இங்கே அனுப்புகின்றன.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வந்த சுனாமி மிதவைகள் இன்னும் சுவாரசியம். அளக்கும் கருவி கடலடியில். தலைக்குமேல் நீரின் அழுத்தம் மாறுவதை வைத்து, ஆழ்கடலில் மட்டம் 1 சென்டிமீட்டர் அளவு மாறினாலும் அது உணரும். ஆனால் கடல்நீருக்குள் ரேடியோ அலை போகாது. அதனால் கடலடிக் கருவி ஒலி அலையில் மேலே உள்ள மிதவைக்குச் சொல்ல, மிதவை ரேடியோவில் செயற்கைக்கோளுக்குச் சொல்கிறது. அமைதியான நாளில் நிதானமாகப் பேசும். கடல் அசைந்தது தெரிந்தால் அவசர நிலைக்கு மாறி வேகவேகமாகப் பேசும். நம் பத்து நிமிடம், ஒரு நிமிடம் கணக்கு அதே பாடம்தான். அங்கேயும் ஒரு மிதவை பேச்சை நிறுத்தினால், அதுவே ஒரு தகவல்: கப்பல் எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டும்.

தெருவுக்கு ஐந்து பெட்டி

எங்களைப் பார்த்துப் பக்கத்துக் கட்டடத்தினரும் கேட்டார்கள். ஐந்து கருவிகள் ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில் பேசினால்? எதுவும் கேட்காது. கல்யாண வீட்டில் எல்லோரும் ஒரே சமயத்தில் பேசுவது மாதிரி.

இதற்கு வழி கண்டவர்கள் ஹவாய் தீவுகளில் இருந்தார்கள். தீவுக்குத் தீவு கணினிகளை ரேடியோவில் இணைக்க, நார்மன் ஆப்ரம்சன் தலைமையில் ஹவாய் பல்கலைக்கழகத்தில் 1971இல் அலோஹாநெட் என்ற வலையை இயக்கிக் காட்டினார்கள். யோசனை இவ்வளவுதான்: பேசு, "கிடைத்தது" என்று பதில் வராவிட்டால், ஏதோ ஒரு நேரம் பொறுத்துவிட்டு மறுபடி பேசு. அந்த 'ஏதோ ஒரு நேரம்' ஒவ்வொருவருக்கும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்பதுதான் சூட்சுமம். எல்லோரும் சரியாக ஐந்து வினாடி பொறுத்தால், மறுபடியும் ஒன்றாகத்தான் மோதிக்கொள்வார்கள். நிரலில் 1 முதல் 20 வினாடிக்குள் ஏதாவது ஓர் எண்ணைக் குலுக்கல் முறையில் எடுக்கச் சொல்லுங்கள். 36 மில்லிவினாடிச் செய்திகளுக்கு அது தாராளம்.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்தச் செய்திகளை அதே மாட்யூல் வைத்திருக்கும் யாரும் கேட்கலாம், போலியாக அனுப்பவும் செய்யலாம். ஆகவே பெயர், வீட்டு எண், போன் எண் எதையும் காற்றில் அனுப்பாதீர்கள். "கருவி 3, 35 செ.மீ." போதும். வீட்டில் யாருமில்லை என்று தெரிவிக்கும் எந்தத் தகவலும் வேண்டவே வேண்டாம்.

இன்னும் தூரம் பேச வேண்டுமானால்

இந்தச் சின்ன மாட்யூல்கள் தெரு அளவுக்கு. ஊர் விட்டு ஊர், குரலில் பேச வேண்டுமென்றால் அது ஹாம் ரேடியோ. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம், பயணமாகப் போயிருந்த போர்ட் பிளேரிலிருந்து, தொடர்பு அறுந்த அந்தமானின் செய்திகளை வெளியுலகுக்குக் கடத்தியது இந்தியா முழுக்கப் பேசப்பட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் ஹாம்களும் இறங்கி வேலை செய்தார்கள். இந்த ஊருக்கு இது புதிதும் அல்ல. 1924இலேயே சி. வி. கிருஷ்ணசாமி செட்டி தொடங்கிய மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் இங்கிருந்து ஒலிபரப்பியது. பணமில்லாமல் அது நின்றபிறகு அந்தக் கருவி மாநகராட்சியிடம் போய், 1930இல் மாநகராட்சியே வானொலி நடத்தியது.

ஹாம் ஆக 12 வயது நிறைந்திருந்தால் போதும். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சரள் சஞ்சார் இணையதளத்தில் விண்ணப்பித்து, தேர்வு எழுதி உரிமம் பெற வேண்டும். அதில் பேசுவது ரகசியமாக இருக்கக்கூடாது, வியாபாரத்துக்கும் பயன்படுத்தக்கூடாது.

நம் பெட்டி, அரசு உதவிக்கு மாற்று இல்லை. டவர் இருக்கும்வரை, மணி அடித்ததும் முதலில் செய்ய வேண்டியது அழைப்பதுதான். மழைநீர்த் தேக்கம், வடிகால் அடைப்புக்கு மாநகராட்சியின் 1913. பேரிடர் உதவிக்கு மாநில அவசரகால மையத்தின் 1070, மாவட்டத்துக்கு 1077. உயிர் ஆபத்து என்றால் 112. இந்த நான்கையும் பெட்டியின் மேலேயே பெரிய எழுத்தில் ஒட்டி வைத்திருக்கிறோம், இருட்டில் யாருக்கும் எண் நினைவுக்கு வராது.

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன், செப்டம்பர் கடைசி வாரம் ஒரு நாள் ஒதுக்குங்கள். சென்சாருக்குக் கீழே ஒரு பக்கெட்டை நகர்த்தி மட்டம் ஏறுவதுபோல் காட்டுங்கள், மேலே சிவப்பு எரிய வேண்டும். பிறகு யாரிடமும் சொல்லாமல் கீழ்ப்பெட்டியின் பேட்டரியைக் கழற்றிவிட்டு, நேரத்தைக் குறித்துக்கொண்டு மேலே போய் உட்காருங்கள். எங்களுடையது போன முறை 31ஆவது நிமிடம் கத்தியது. மாமா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ம், லைன் கட்டு" என்றார்.